தோள் எலும்பு முறிவுக்கு வெறும் ஆர்ம் ஸ்லிங் போதுமா?

கேட்கப்பட்டது இதுதான்: 66 வயது அம்மா குளியலறை வாசலில் வழுக்கி, வலப்பக்கமாக விழுந்துவிட்டார். தோளுக்குச் சற்றுக் கீழே மேற்கை எலும்பு முறிந்திருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டாம், மாவுக் கட்டும் வேண்டாம் என்று சொல்லி, பவுச் ஸ்லிங்கில், அதாவது தோளில் மாட்டிக் கையைத் தாங்கும் துணிப் பையில், கையைப் போட்டுப் பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஐந்தாம் நாளான இன்று முழங்கை வரை தோல் கறுத்துவிட்டது. "எலும்பு முறிந்தவருக்கு ஒரு துணிப் பையா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள், புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். பை போதுமா, எப்படி மாட்டுவது, எப்படித் தூங்கவைப்பது, எப்போது கழற்றுவது?

போதும். நான் பிசியோதெரபிஸ்ட், எலும்பு கூடிய பிறகு வரும் தோள்களைத்தான் அன்றாடம் பார்க்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை மாவுக் கட்டே காணாதவை. ஸ்லிங் போட்டதால் கெட்டுப்போன தோள் என்று பார்த்தால், ஒன்று அதைத் தப்பாக மாட்டியிருப்பார்கள், அல்லது கழற்ற வேண்டிய நாளில் கழற்றாமல் விட்டிருப்பார்கள். அதனால் உங்கள் கவலையைப் பை போதுமா என்பதிலிருந்து இந்த இரண்டின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

மாவுக் கட்டு ஏன் போடவில்லை என்பதை உறவினர்களுக்கு இப்படிச் சொல்லலாம். ஓர் எலும்பை மாவுக் கட்டால் அசையாமல் பிடிக்க வேண்டுமென்றால், முறிவுக்கு மேலே உள்ள மூட்டையும் கீழே உள்ள மூட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு அருகே முறிந்தால் அது எளிது. தோளுக்கு அருகே முறிந்தால் மேலே இருப்பது நெஞ்சும் முதுகும். பந்துக் கிண்ண மூட்டைச் சுற்றி மாவு பூசிப் பிடிக்க இடமே இல்லை. நல்லவேளையாக அந்த இடத்துக்கு அது தேவையும் இல்லை. மேற்கை எலும்பின் தலைப்பகுதியைச் சுற்றித் தசைகளும் தசைநார்களும் கெட்டியான உறைபோல அமைந்திருக்கின்றன. முறிந்த துண்டுகள் அதிகம் விலகாதிருந்தால் அந்த உறையே அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அங்குள்ள எலும்பும் பஞ்சு போன்ற உள்ளமைப்பும் நல்ல ரத்த ஓட்டமும் கொண்டது, சீக்கிரம் கூடிவிடும். வயதானவர்களுக்கு வரும் இந்த வகை முறிவுகளில் பெரும்பான்மையானவை அதிகம் விலகாதவைதான்.

விலகியிருந்தால்கூடக் கத்தி வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் 250 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வு இதையே சோதித்தது. துண்டுகள் விலகிய முறிவு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை, மீதிப் பேருக்கு ஸ்லிங்கும் பிசியோதெரபியும். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கையை எவ்வளவு பயன்படுத்த முடிகிறது என்று கேட்டபோது இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எலும்பு முறிந்ததோடு மூட்டும் நழுவியிருந்தால், அல்லது பந்தே பிளந்திருந்தால் கதை வேறு; அப்படிப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். உங்கள் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டுத்தான் பையைக் கொடுத்திருக்கிறார். பத்து நாளில் வரச் சொன்னதும் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத்தான். அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

இப்போது பையைப் பற்றி. ஒருவருடைய ஒரு கை அவருடைய உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். அம்மா 60 கிலோ என்றால் கை மட்டும் 3 கிலோ. நல்ல நாளில் அந்த 3 கிலோவைத் தோளின் தசைகள் நமக்குத் தெரியாமலே சுமக்கின்றன. முறிவு ஏற்பட்டவுடன் அவை வலியில் இறுகிக்கொள்ளும். இறுகினால் வலி கூடும். ஸ்லிங் அந்தச் சுமையை வாங்கிக்கொள்கிறது; கை தன்னையறியாமல் வீசிக்கொண்டு போவதைத் தடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. எலும்பை அது சேர்ப்பதில்லை.

மாட்டும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முழங்கை பையின் பின்மூலையில் முட்டிக்கொண்டிருக்க வேண்டும். அங்கே இரண்டு விரல் இடைவெளி இருந்தால்கூட, நடக்க நடக்கக் கை பைக்குள் முன்னும் பின்னும் வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலும் முறிந்த இடத்தில்தான் போய்த் தைக்கும். முழங்கை சுமார் 90 பாகையில் மடங்கியிருக்க வேண்டும். விரல்கள் முழங்கையைவிடச் சற்று மேலே இருக்கட்டும். கை கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் மாலைக்குள் புறங்கை வீங்கிவிடும். பையின் முன்விளிம்பு சுண்டுவிரல் தொடங்கும் கணு வரை வந்து நிற்க வேண்டும். நான் மிகுதியாகப் பார்க்கும் தவறு இங்கேதான் இருக்கிறது. கடையில் கிடைத்த சிறிய அளவை வாங்கி மாட்டியிருப்பார்கள். பை மணிக்கட்டோடு முடிந்திருக்கும். உள்ளங்கை விளிம்பில் மடிந்து தொங்கும். தோள் வலி ஒரு பக்கம் இருக்க, மணிக்கட்டு வலியும் விரல் மதமதப்பும் புதிதாகச் சேர்ந்துகொள்ளும். அளவெடுக்க அங்குல நாடா போதும்: முழங்கை நுனியிலிருந்து சுண்டுவிரல் கணு வரை அளந்து, அந்த அளவைச் சொல்லி வாங்குங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள்தான். வியர்வை நாற்றம் வரும், துவைக்க வேண்டும் என்பதால் இரண்டாக வாங்கிவிடுவது நல்லது.

அடுத்து பட்டை. அது கழுத்தில் ஏறி உட்கார்ந்தால் அந்த 3 கிலோவும் பிடரியில் இறங்கும். நான்காம் நாளில் "தோள் தேவலை, கழுத்துதான் உயிர் போகிறது" என்பார்கள். பட்டை முதுகின் குறுக்கே வந்து மறுபக்கத் தோளின் மேல், கழுத்தைவிட்டுத் தள்ளி விழும்படி மாட்டுங்கள். உங்களிடம் உள்ள பையில் அது முடியாதென்றால் பட்டைக்கு அடியில் ஒரு மென்மையான துண்டை மடித்து வையுங்கள். பட்டையின் நீளத்தைச் சரிசெய்த பிறகு அம்மாவை எதிரே நின்று பாருங்கள். இரண்டு தோள்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? வலப்பக்கம் காதை நோக்கி ஏறியிருந்தால் பட்டை அதிகமாக இழுக்கப்பட்டிருக்கிறது, அல்லது அவரே பயத்தில் தோளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மூச்சை விட்டுத் தளரச் சொல்லுங்கள். பை தாங்கும் என்று அவருக்கு நம்பிக்கை வர ஓரிரு நாள் பிடிக்கும்.

அம்மாவின் முறிவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: முழங்கையைக் கீழிருந்து மேலே தள்ளித் தூக்கிக் கட்டாதீர்கள். கீழ்த்துண்டு மேல்துண்டில் போய் இடிக்கும். இந்த முறிவில் கையின் சொந்த எடை மெதுவாகக் கீழே இழுப்பது நல்லதே. அதனால்தான் சில மருத்துவர்கள் பவுச்சுக்குப் பதிலாகக் கழுத்தையும் மணிக்கட்டையும் மட்டும் இணைக்கும் பட்டையைக் கொடுப்பார்கள். அதற்குக் காலர் அண்ட் கஃப் என்று பெயர். முழங்கை தாங்கலின்றித் தொங்குவதைப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே முன்பக்கம் இருக்கும் காரை எலும்பு முறிந்தவருக்கு இது நேர்மாறு. அங்கே கையின் எடை கீழே இழுத்தால் வலி கூடும். எனவே முழங்கையை நன்றாகத் தாங்கும் அகலமான பைதான் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காரை எலும்பு முறிந்தபோது வாங்கிய பையை அம்மாவுக்கு அப்படியே மாட்டக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கறுத்துப்போனதற்கு வருவோம். எலும்பு முறிந்த இடத்தில் கசிந்த ரத்தம் தோலுக்கடியில் கீழ்நோக்கி இறங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து மேற்கையின் உட்பக்கமும் முழங்கையும் கறுநீலமாகும். சிலருக்கு மார்பின் பக்கவாட்டிலும் பரவும். பிறகு பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும். கத்திரிக்காய் நிறத்தில் கையைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் ஆம்புலன்ஸ் கூப்பிட்ட குடும்பங்கள் உண்டு. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கறுப்பு இன்னும் பரவலாக இருக்கும். அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் வேறு. விரல்கள் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ சில்லென்று இருப்பது, விரல் நகத்தை அழுத்திவிட்டால் இளஞ்சிவப்பு திரும்ப வர நேரமாவது, மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்த முடியாமல் கை தொங்கிப்போவது, தோளின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவு இடம் தொட்டால் உணர்வில்லாமல் இருப்பது, மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போவது. ரத்தக் குழாயோ நரம்போ சிக்கியிருப்பதற்கான அடையாளங்கள் இவை. சர்க்கரை நோயாளிகளுக்கு விரல்களில் ஏற்கெனவே உணர்வு மந்தமாக இருக்கலாம். ஆகவே இரண்டு கைகளையும் தொட்டு ஒப்பிட்டுக் கேளுங்கள். அப்புறம், வலக்கையில் மோதிரமும் வளையலும் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் இதைப் படித்து முடிப்பதற்கு முன் கழற்றுங்கள். சோப்போ தேங்காய் எண்ணெயோ தடவினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் வெட்டி எடுக்க மருத்துவமனையில் கருவி இருக்கிறது. தங்கத்தைப் பிறகு பற்றவைத்துக்கொள்ளலாம்.

புத்தூர் கட்டு பற்றி. ஆந்திரத்தின் புத்தூர் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மூலிகைப் பற்றும் மூங்கில் பட்டையும் வைத்துக் கட்டி வருகிறார்கள்; சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருப்பார்கள். விலகாத முறிவு எதைக் கட்டினாலும், கட்டாவிட்டாலும்கூடப் பெரும்பாலும் கூடிவிடும் என்பதை மறந்துவிட்டுத்தான் நாம் கட்டுக்குப் பெயர் கொடுக்கிறோம். தோள் விஷயத்தில் என் கருத்து நேரடியானது: வேண்டாம். மூங்கில் பட்டை பிடிப்பதற்கு அங்கே நீளமான எலும்பு இல்லை. இறுக்கிக் கட்டினால் வீங்கும் கையில் ரத்த ஓட்டம் நெருக்குண்டுபோகும். எல்லாவற்றையும்விட ஆபத்து, எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் பிடித்து இழுப்பதும். விலகாமல் இருந்த துண்டுகளை விலக்கிவைக்க ஓர் இழுப்பு போதும். அக்குளில் ஓடும் பெரிய ரத்தக் குழாயும் நரம்புகளும் முறிவுக்கு மிக அருகில் இருக்கின்றன. குழந்தைகளின் முழங்கை முறிவுக்கு எவர் இறுக்கிக் கட்டினாலும் சரி, நாட்டு வைத்தியரானாலும் டாக்டரானாலும், ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகலாம். அப்படிப்பட்ட கை ஒன்றைப் பார்த்தவர்கள் இறுக்கமான கட்டைப் பற்றி விளையாட்டாகப் பேசமாட்டார்கள்.

தூக்கம்தான் முதல் இரண்டு வாரத்தின் பெரிய சோதனை. மட்டமாகப் படுத்தால் மேற்கை பின்னோக்கிச் சரிந்து முறிவில் வலிக்கும். கட்டிலில் தலையணைகளை அடுக்கிப் பாதி சாய்ந்த நிலையில் படுக்கவையுங்கள். சாய்வு நாற்காலி இருந்தால் இன்னும் நல்லது. முழங்கைக்கும் மேற்கைக்கும் அடியில் ஒரு சிறு தலையணை வைத்து, முழங்கை உடலின் கோட்டைத் தாண்டிப் பின்னால் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் ஸ்லிங்கைக் கழற்ற வேண்டாம். தூக்கத்தில் கை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பாயில் படுத்துப் பழகியவராக இருந்தாலும் சில வாரங்களுக்குக் கட்டில்தான். பாயிலிருந்து எழுபவர் தரையில் கையை ஊன்றாமல் எழ மாட்டார். தூக்கக் கலக்கத்தில் எந்தக் கையை ஊன்றுவார் என்று நிச்சயமில்லை. குந்தி உட்கார்ந்து எழும் கழிப்பறைக்கும் இது பொருந்தும். மேற்கத்தியக் கழிப்பறை இல்லாவிட்டால் அதற்கான நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

குளிக்கும்போது பையைக் கழற்றலாம், மருத்துவர் மறுத்திருந்தாலொழிய. ஸ்டூலில் உட்காரவைத்து, இடக்கையால் வலக்கையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அக்குளைக் கழுவ வேண்டுமென்றால் கையைப் பக்கவாட்டில் தூக்கக்கூடாது. உடலை முன்னால் கொஞ்சம் குனியவைத்தால் கை தானாக உடலைவிட்டு விலகித் தொங்கும். அந்த இடைவெளியில் ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, மெல்லிய பருத்தித் துணியை மடித்து அக்குளில் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். நம் ஊர் வெக்கையில் ஒட்டிக்கிடக்கும் அக்குள் நான்கே நாளில் வெந்துபோகும். சர்க்கரை இருப்பவருக்கு அதில் பூஞ்சையும் ஏறும். முழங்கை மடிப்பையும் இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். உடை மாற்றும்போது காயம்பட்ட கை முதலில் நுழைய வேண்டும், கடைசியாக வெளியே வர வேண்டும். இறுக்கமான ரவிக்கை ஆகாது. முன்பக்கம் திறக்கும் தொளதொளப்பான நைட்டி, அல்லது பழைய ரவிக்கையில் வலப்பக்கக் கையைப் பிரித்துவிட்டது, இரண்டில் ஒன்று. உடையைப் போட்ட பிறகு அதன் மேலேதான் ஸ்லிங்.

இனி, எப்போது கழற்றுவது. இதை மருத்துவரிடம் கேட்காமல் வந்துவிடுபவர்கள்தான் அதிகம். கேட்காதவர்கள் பாதுகாப்புக்காக என்று இரண்டு மாதம் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அசையாத தோளில் மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். எலும்பு அழகாகக் கூடியிருக்கும், கை மட்டும் தலைக்குப் போகாது, முதுகுக்குப் போகாது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள்பட்டை இறுகிப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை எலும்பு கூடாமல் போவதைவிட இந்த இறுக்கத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

இறுக்கத்தைத் தடுக்கும் வேலை இன்றைக்கே தொடங்குகிறது, பைக்குள் இருக்கும்போதே. விரல்களை முழுதாக விரித்து, முழுதாக மூடி, மணிக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு தடவை. மணிக்கட்டை மேலும் கீழும். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்துத் தளர்த்துவது. ஒரு நாளில் மூன்று நான்கு முறை பையைக் கழற்றி, மேற்கையை உடலோடு ஒட்டவைத்தபடி, முழங்கையை மட்டும் நீட்டி மடக்குவது. இது மறந்துபோனால் முழங்கையும் இறுகி, ஒரு பிரச்சினை இரண்டாகும். பத்தாம் நாள் எக்ஸ்ரேயில் துண்டுகள் அசையவில்லை என்றால், ஊசலாட்டப் பயிற்சி எப்போது தொடங்கலாம் என்று கேளுங்கள். பலருக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்துக்குள் அனுமதி கிடைத்துவிடும். நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பிலிருந்து குனிந்து, காயம்பட்ட கையை வெறுமனே தொங்கவிட வேண்டும். உடலை மெல்ல ஆட்டினால் கை தானாக முன்னும் பின்னும், பிறகு சிறு வட்டமாகவும் ஆடும். கையைத் தசையால் சுற்றக்கூடாது. பலர் கிரைண்டர்போல வேகமாகச் சுழற்றிவிட்டு வலிக்கிறது என்பார்கள். தலை சுற்றல் வருபவர் என்றால் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

பையிலிருந்து விடுபடுவதும் ஒரே நாளில் நடப்பதல்ல. மூன்று வாரம் நெருங்கும்போது, மருத்துவர் சரி என்றால், வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கழற்றி, கையை மடியிலோ தலையணையிலோ வைக்கலாம். நடக்கும்போதும் தூங்கும்போதும் மாட்டலாம். பிறகு வெளியே போகும்போது மட்டும். பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் ஸ்லிங்குக்கு இன்னொரு பயன் இருக்கிறது: எதிரே வருபவர் விலகிப் போவார். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் பெரும்பாலானவர்கள் முழுதாகக் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகும் வலிக்காகவோ பயத்துக்காகவோ மாட்டத் தோன்றினால் பிசியோதெரபிஸ்டிடம் பேசுங்கள், பையைத் தேடாதீர்கள்.

இந்தக் கணக்கை வேறு காயத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். காரை எலும்பு நடுவில் முறிந்தால் சிறுவர்களுக்கு இரண்டு மூன்று வாரம், பெரியவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வரை போகும். முன்பெல்லாம் அந்த முறிவுக்கு இரு தோள்களையும் பின்னால் இழுத்துக் கட்டும் எட்டு வடிவக் கட்டைப் போடுவார்கள். அது அக்குளை அறுக்கும். 1987இல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வு, எலும்பு கூடுவதில் இரண்டும் ஒன்றுதான், ஸ்லிங்தான் நோயாளிக்குத் தொல்லை குறைவு என்று காட்டியது. நம் கடைகளில் அந்த பிரேஸ் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. தோள் மூட்டு நழுவி, திரும்ப இருத்திவைத்தவர்களுக்குப் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரம். நீண்ட நாள் கட்டினால் மறுபடி நழுவாது என்ற நம்பிக்கையைச் சுவீடனில் 25 ஆண்டுகள் தொடர்ந்து நோயாளிகளைக் கவனித்த ஆய்வு ஆதரிக்கவில்லை. மறுபடி நழுவுமா என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது வயது. கபடியோ கைப்பந்தோ ஆடும் இருபது வயதுக்காரருக்கு நழுவும் வாய்ப்பு அதிகம், அறுபது வயதுக்காரருக்குக் குறைவு. ஆனால் நாற்பதைத் தாண்டியவருக்கு மூட்டு நழுவியபோதே ஜவ்வும், அதாவது கையைத் தூக்க உதவும் தசைநாரும், கிழிந்திருக்கலாம். கை தூக்க முடியாவிட்டால் ஸ்கேன் வேண்டும். கிழிந்த ஜவ்வைத் தைத்தவர்களுக்கு இடுப்பருகே தலையணை வைத்த தனி ஸ்லிங் கொடுப்பார்கள். அதை நான்கிலிருந்து ஆறு வாரம், சொன்னபடி மாட்டியே ஆக வேண்டும். நான் மேலே சொன்ன அவசரம் எதுவும் அங்கே கூடாது. முழங்கையருகே சிறு கீறல் முறிவு என்றால் சில நாளிலேயே அசைக்கச் சொல்லிவிடுவார்கள். பக்கவாதத்தில் தளர்ந்து தொங்கும் தோளுக்கு நாள் முழுக்க ஸ்லிங் மாட்டிவைப்பது நல்லதல்ல. நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் போதும். உட்காரும்போது கைக்குத் தலையணைத் தாங்கல் கொடுங்கள்.

விழுந்த இடத்தில் பை கிடைக்காதே என்று கேட்பீர்கள். ஒரு மீட்டர் சதுரத் துணியைக் குறுக்காக வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ராணுவ மருத்துவர் எஸ்மார்க் இதைப் பரவலாக்கினார். கட்டும் விதங்களைப் படமாகத் துணியிலேயே அச்சிட்டுப் படைவீரர்களிடம் கொடுத்தார்கள். வீட்டில் பழைய பருத்திச் சேலைத் துண்டு போதும். முக்கோணத்தின் கூர்முனை காயம்பட்ட முழங்கைப் பக்கம் நீட்டியிருக்கும்படி துணியைக் கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விடுங்கள். மேல் நுனி நல்ல தோளின் மேல் ஏறிப் பிடரியைச் சுற்றி வரும். கீழ் நுனியைக் கையின் மேலாக எடுத்து, காயம்பட்ட பக்கத்தில் காரை எலும்புக்கு மேலுள்ள பள்ளத்தில் முடிச்சிடுங்கள். பிடரி எலும்பின் மேல் முடிச்சு வரக்கூடாது. முழங்கையில் நீட்டிக்கொண்டிருக்கும் துணியை முன்னால் மடித்து ஊக்கு குத்துங்கள். துணியே இல்லையென்றால் சட்டையின் நடுப் பொத்தான் ஒன்றைக் கழற்றி, கையை அந்த இடைவெளியில் செருகினாலும் மருத்துவமனை வரை தாங்கும். தோள் உருமாறி, கை உடலைவிட்டு விலகி நின்றால், அல்லது முழங்கை மடங்க மறுத்தால், வலுக்கட்டாயமாகப் பைக்குள் திணிக்காதீர்கள். கை எப்படி இருக்கிறதோ அப்படியே தலையணையோ மடித்த போர்வையோ கொடுத்துத் தாங்கி அழைத்துப் போங்கள். யார் இழுத்துவிட முன்வந்தாலும் விடாதீர்கள்.

அம்மா விழுந்த காரணத்தையும் பார்க்க வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிகிறதென்றால் எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் சோதனையும் வைட்டமின் டி அளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை விழுந்தால் முறிவது இடுப்பெலும்பாக இருக்கலாம், அது இதுபோல எளிதில் ஆறாது. ஒரு கை கட்டப்பட்டிருப்பவர் தடுமாறினால் சமாளிக்க ஒரு கைதான் இருக்கிறது என்பதால், இந்த வாரங்களில் மறுபடி விழும் ஆபத்தும் கூடுதல். குளியலறையில் பிடிகம்பி, ஈரம் இல்லாத தரை, இரவில் ஒரு விளக்கு. சேலை கொசுவம் தரையில் இழுபடாமல் இருக்கட்டும்.

அடுத்து அவரே கேட்கப்போவது, எப்போது சமைக்கலாம் என்பது. பையில் இருக்கும்போதே, மேற்கையை உடலோடு வைத்தபடி, மேசையில் உட்கார்ந்து பூண்டு உரிக்கலாம், கீரை ஆயலாம். விரலுக்கு அதுவே பயிற்சி. பையைக் கழற்றிய பிறகு, ஆறு வாரத்துக்கு மேல், தோசை திருப்பலாம், மேசை உயரத்தில் இருக்கும் டம்ளரை எடுக்கலாம். மேல் அலமாரி டப்பாக்களை அதுவரை கீழே இறக்கிவையுங்கள். தண்ணீர்க் குடம், நிறைந்த குக்கர், துணி பிழிவது, இவை மூன்று மாதம் வரை வேண்டாம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியதைப் பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகு, அரைக் குடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்.